மோதிரம் தேடிப் போய்த் துப்பாக்கிக் குண்டு பொறுக்கிய வெள்ளிக்கிழமை

ஷார்ஜாவைத் தாண்டி இருக்கிற ஷௌகா என்றதும் மலையேற்றக் குறிப்பு எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். மன்னிக்கவும், இந்தப் பதிவில் மலை தூரத்திலேயே நிற்கும். நாங்கள் போனது ஒரு கல்யாண மோதிரத்தைத் தேடி. கை நிறையக் கிடைத்தது பழைய துப்பாக்கிக் குண்டுகள். நண்பரின் தோட்டத்திலோ வீட்டு முற்றத்திலோ தொலைந்த பொருளை மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது உதவலாம். மற்றவர்கள் எங்கள் கூத்தைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பிப்ரவரி கடைசி வாரம், புதன்கிழமை சாயங்காலம் அந்த போன் வந்தது. என் கணவர் சுல்தானுக்கு முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு சின்ன டூல்ஸ் கடை. ஸ்பேனர், கையுறை, நட்டு போல்ட்டு என்று வொர்க்‌ஷாப் ஆட்களுக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். நான் அதே முசஃபாவில் மண்ணும் கான்கிரீட்டும் சோதிக்கும் ஒரு லேபில் டெக்னீஷியன். டூட்டி முடிந்து கடையில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தபோது முருகேசன் அண்ணன் கூப்பிட்டார்.

"பாய், ஒங்ககிட்ட அந்த பீப் அடிக்கிற மிசினு இன்னும் இருக்கா?"

முருகேசன் அண்ணன் அறந்தாங்கிப் பக்கம். முன்பு முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் வெல்டராக இருந்தபோது எங்கள் கடைக்குக் கையுறை வாங்க வந்து, அப்படியே குடும்பத்தில் ஒருவராகிவிட்டவர். இப்போது ஷௌகா பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பேரீச்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். எப்போதும் சத்தமாகப் பேசுகிற மனிதர், அன்றைக்குக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கல்யாண மோதிரம் போச்சு பாய். திங்கக்கெழம ஈச்சங்கன்னு வெக்கிறப்ப மண்ணுக்குள்ள போயிருச்சு. செல்வி சனிக்கெழம காலைல வந்து எறங்குறா."

செல்வி அவர் மனைவி. கல்யாணமாகிப் பதினோரு வருடம். அதில் இருவரும் ஒன்றாக இருந்தது லீவு மாதங்கள் மட்டும்தான். இப்போது முதல்முறையாக விசிட் விசாவில் ஒரு மாதத்துக்கு வருகிறார். விமானம் ஏறுவதே முதல்முறை. அண்ணன் தைத் ஊரில் ஒரு அறை பிடித்து, புது மெத்தை போட்டு, ரோஸ் கலரில் திரைச்சீலைகூட வாங்கி வைத்திருந்தார்.

"அதே மாதிரி புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிருங்களேன்" என்று நான் போனைப் பிடுங்கிச் சொன்னேன்.

"கண்டுபுடிச்சிருவா தங்கச்சி. கண்டுபுடிச்சாலும் ஒண்ணும் கேக்க மாட்டா. அவபாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு இருப்பா. அதத்தான் என்னால தாங்க முடியாது." பிறகு அவரே தொடர்ந்தார். "எனக்கும் மோதிரத்துக்கும் என்னைக்குமே ராசி இல்ல. கல்யாணத்தன்னைக்குப் பானைத் தண்ணிக்குள்ள மோதிரத்தப் போட்டு ரெண்டு பேரையும் எடுக்கச் சொன்னாக. மூணு தடவையும் அவதான் எடுத்தா. ஊரே சிரிச்சுச்சு."

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அந்த விளையாட்டு கிடையாது. அதனால் அதில் தோற்பது எவ்வளவு பெரிய மானப் பிரச்சினை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டேன்.

டிடெக்டர் எங்களிடம் வந்தது தனிக் கதை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து சுல்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். விற்கத்தான் வாங்கினேன் என்பார், நம்பாதீர்கள். கேம்ப் பக்கத்து வாலிபால் மைதானத்தில் அதை வைத்துக்கொண்டு அவர் இதுவரை கண்டெடுத்த புதையல், பெப்ஸி டப்பாவின் மூடி வளையங்கள். அந்த வளையத்துக்கும் தங்க மோதிரத்துக்கும் மிஷின் ஒரே குரலில்தான் கத்தும். ஈயமும் அதே குரல்தான். இதை மனதில் வையுங்கள், பின்னால் எங்களைப் படுத்திய பாடு இதுதான்.

வியாழக்கிழமை அண்ணன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். 'கன்னு வெக்க மண்ணு வெட்டுனப்ப இது மாதிரி வந்துச்சு. என்னன்னு தெரியல.' சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாக, கட்டைவிரல் நுனி அளவில் ஒரு கட்டி. நான் பழைய நாணயம், பழைய குண்டு தேடுகிறவர்களின் பக்கங்களை ராத்திரி பகல் பாராமல் மேய்கிற ஆள். பார்த்த உடனே தெரிந்தது, சுட்டு முடிந்த துப்பாக்கிக் குண்டு. உடனே அண்ணனை விட்டுத் தோட்டத்து முதலாளியிடம் கேட்கச் சொன்னேன். முதலாளியை அங்கே எல்லோரும் அர்பாப் என்றுதான் சொல்வார்கள். 'என் தாத்தா காலத்துச் சாமான், பயப்படாதே, வரச் சொல்' என்று பதில் வந்தது.

அனுமதி இல்லாமல் நான் அசைய மாட்டேன். கண்ட இடத்தில் மிஷினைத் தூக்கிக்கொண்டு போவது இந்த நாட்டில் விளையாட்டில்லை. இன்னொரு விதியையும் போகும் முன்பே சுல்தானிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்தேன். பித்தளைக் கூட்டோடு முழுத் தோட்டா ஏதாவது தென்பட்டால் தொடக் கூடாது, அப்படியே விலகி நின்று போலீஸைக் கூப்பிட வேண்டும். மூன்றாவது விதி, கிடைத்த எதையும் துலக்கக் கூடாது. ஈயம் மண்ணில் கிடந்தால் வெள்ளைத் தோல் போர்த்தும், செம்பு பச்சைத் தோல் போர்த்தும். அதைச் சுரண்டிவிட்டால் அதன் வயதும் போய்விடும், பிறந்த ஊரும் போய்விடும்.

"தொடைக்காத சாமான எவன் கையில தொடுவான்?" என்றார் சுல்தான். ஸ்க்ரூடிரைவரைக்கூட எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிற கடைக்காரர், அவருக்கு இது பாவச் செயல்.

வெள்ளிக்கிழமை காலை பஜ்ர் தொழுதுவிட்டு ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். முசஃபாவிலிருந்து எமிரேட்ஸ் ரோட்டைப் பிடித்தால் சாலிக் சுங்கம் இல்லாமல் போய்விடலாம். லாரிகள் கூடுதல், ஆனால் வெள்ளி காலையில் பரவாயில்லை. பிறகு ஷார்ஜாவிலிருந்து கல்பா போகும் ரோட்டில் கிழக்கே திரும்பினால் மணல் மெல்லச் சிவக்கும், பின்னர் மணல் தீர்ந்து கல்லும் முள்மரமும் வரும். எங்கள் காரில் மொத்தம் 208 கிலோமீட்டர் காட்டியது. நடுவில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கடக் சாயா, கப் இரண்டு திர்ஹாம். பின் சீட்டில் நீட்டிக்கொண்டிருந்த மிஷினைப் பார்த்துவிட்டு டீக்கடை மலையாளிச் சேட்டன் கேட்டார், "எந்தா, நிதி தப்பான் போகுவாணோ?"

"ஆமா சேட்டா, பொதையல் கெடச்சா பாதி ஒங்களுக்கு" என்றார் சுல்தான். சேட்டன் சாயாவுக்குக் காசு வாங்கிக்கொண்டேதான் சிரித்தார்.

கடைசி மூன்று கிலோமீட்டர் கப்பி ரோடு. சாதாரண காரே போகும், ஆனால் ஊர்ந்து போக வேண்டும். எட்டரைக்குத் தோட்டம் வந்தோம். பின்னால் செம்மண் நிறத்தில் மொட்டை மலை, முன்னால் பச்சையாகத் தோட்டம், கேட்டில் நாலு ஆடு, அவற்றுக்கு நடுவே முருகேசன் அண்ணன். வலது கை மோதிர விரலில் மட்டும் ஒரு வெள்ளை வளையம், பதினோரு வருடம் வெயில் படாத இடம்.

நிலவரம் இதுதான். திங்கட்கிழமை அண்ணன் பன்னிரண்டு பேரீச்சங்கன்றுகள் நட்டார், வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசை. தோண்டி வைத்திருந்த குழிகளை நிரப்ப இரண்டு மேடுகளிலிருந்து மண் வெட்டினார். காலையில் கேட் பக்கத்து மேடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிணற்றுப் பக்கத்து மேடு. சாப்பிடக் கை கழுவும்போது சோப்பில் மோதிரம் வழுக்கி, திரும்பப் போட்டுக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆக மோதிரம் விழுந்தது மதியத்துக்கு மேல் நிரப்பிய ஏதோ ஒரு குழியில். மண்ணைக் கையாலேயே அள்ளிப் போட்டுக் கன்றைச் சுற்றி அமுக்கியிருக்கிறார்.

"சரி, மதியத்துக்கு மேல எந்தக் குழி நெரப்புனிய?" என்று கேட்டேன்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "நெழலு எங்க இருந்துச்சோ அங்க போயி நெரப்புனேன் தங்கச்சி. முன்னப் பின்ன, மாத்தி மாத்தி. காதுல போன மாட்டிக்கிட்டு செல்விகிட்ட பேசிக்கிட்டே செஞ்சேன். விசா வந்த சந்தோசம். இப்பப் பாத்தா பன்னண்டும் ஒரே மாதிரி நிக்குது."

அத்தனை குழியையும் தோண்டிவிட்டால் என்ன என்பீர்கள். புதிதாக நட்ட கன்று, வேர் பிடிக்கும் முன் கிளறினால் செத்துப்போகும். அர்பாப் நல்ல மனிதர், ஆனால் கன்றுகள் அவர் ஆசையாகத் தேர்ந்தெடுத்தவை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். "முருகேஸ், மேல மேல தேடு. லேகின் கோத்னா ஸிர்ஃப் ஏக். தூஸ்ரா மாஃபி." மேலாக எவ்வளவு வேண்டுமானாலும் தேடலாம், ஆழத் தோண்டுவது ஒரே ஒரு குழி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எல்லாம் சேறு.

வேலை ஆரம்பித்தது. சுல்தான் மிஷினைப் பிடித்தார், அண்ணன் மேல்மண்ணை ஒரு கையளவு ஆழத்துக்குச் சின்னக் கரண்டியால் விலக்கினார், நான் எங்கள் லேப் பழக்கப்படி குழிக்கு ஒரு பிளாஸ்டிக் பை போட்டு நம்பர் எழுதினேன். முதல் குழியிலேயே மிஷின் கூவியது. அண்ணன் 'அல்லா, முருகா' என்று இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். வந்தது குண்டு. அடுத்த கூவல், அடுத்த 'அல்லா, முருகா', இன்னொரு குண்டு. மூன்றாவது முறை ஒரு ஆணி. நாலாவதில் பெப்ஸி வளையம் வந்தபோது சுல்தான் முகத்தில் பழைய நண்பனைக் கண்ட களை. பதினொன்றரை மணிக்குப் பன்னிரண்டு குழிகளும் முடிந்தன. இருபதுக்கு மேல் குண்டுகள் சேர்ந்திருந்தன, மோதிரம் இல்லை. ஆனால் மேலே எல்லாவற்றையும் எடுத்த பிறகும் ஐந்து குழிகளில் ஆழத்திலிருந்து லேசாக முனகல் வந்துகொண்டே இருந்தது. இரண்டு, நாலு, ஐந்து, ஒன்பது, பதினொன்று. ஐந்தில் ஒன்றுதான் தோண்டலாம்.

ஆண்கள் இருவரும் கிளம்பினார்கள், சுல்தான் ஜும்ஆ தொழுகைக்கும், அண்ணன் அவரை வழிகாட்டி அழைத்துப் போகவும். நான் முகம் கழுவி, தொழுதுவிட்டு, மஜ்லிஸ் என்கிற விருந்தினர் கூடத்தில் அர்பாப் வீட்டுப் பெண்கள் கொடுத்த காவா காபியும் பேரீச்சம்பழமுமாகக் கொஞ்சம் கதை பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் சுல்தான் எனக்கு முன்பே திரும்பி, பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். என் பைகளெல்லாம் காலியாக ஒரு பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. குண்டுகள் எல்லாம் கடை ட்ரேயில், சைஸ் வாரியாக, நட்டு போல்ட்டு அடுக்குகிற அழகில் வரிசையாக நின்றன.

"மச்சான், என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கிய?"

"ஏன், பை பையா குப்ப மாதிரி கெடந்துச்சு. அழகா பிரிச்சு வச்சிருக்கேன். பாரு ஷமீ, எல்லாம் ரெண்டே சைஸுதான்."

எந்தக் குண்டு எந்தக் குழியில் கிடைத்தது என்ற கணக்கு அத்தோடு போச்சு. லேபில் ஒருவர் சாம்பிள்களைக் கலந்தால் நாங்கள் அவரோடு ஒரு வாரம் டீ குடிக்க மாட்டோம். அங்கேயே நின்று ஒரு மூச்சுக் கத்தினேன். மலை இரண்டு முறை திருப்பிச் சொன்னது. முருகேசன் அண்ணன் ஆட்டுக்குத் தழை போடுகிற சாக்கில் ஆட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கத்தி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் சுல்தான் கடைசியாகச் சொன்னது காதில் ஏறியது. இரண்டே சைஸ்.

குனிந்து பார்த்தேன். பையில் மண்ணோடு கிடந்தபோது எல்லாம் ஒரே குண்டுக் குவியல். வரிசையில் நின்றபோது இரண்டு சாதி என்று பளிச்சென்று தெரிந்தது. லேபிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த வெர்னியர் காலிப்பரையும் பாக்கெட் தராசையும் காந்தத்தையும் எடுத்தேன். பெரிய வரிசை பதினொன்றரை மில்லிமீட்டர் சுமார், சிதையாத ஒன்று முப்பத்தோரு கிராம். முழுக்க ஈயம், வெள்ளைத் தோல், நகம் பட்டால் கோடு விழும், மேலே வேறு உலோகம் எதுவுமில்லை. பழைய மார்டினி ரகத் துப்பாக்கியின் குண்டு இப்படித்தான் இருக்கும். ஒரு காலத்தில் இந்த வளைகுடாக் கரை முழுக்கப் புழங்கிய துப்பாக்கி அது. சின்ன வரிசை எட்டு மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு, பதினொரு கிராம் சொச்சம். வெளியே வெள்ளிச் சாயலில் கெட்டியான உலோகச் சட்டை, அங்கங்கே பச்சை பூத்திருந்தது. அடிப்பக்கம் மட்டும் உள்ளே இருக்கிற ஈயம் தெரிந்தது. காந்தம் ஒட்டவில்லை. உடம்பில் சாய்வாக ஓடிய பள்ளக் கோடுகள், துப்பாக்கிக் குழலுக்குள் திருகிக்கொண்டு போன தடம். நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளில் பார்த்திருப்பீர்களே, அந்த த்ரீ-நாட்-த்ரீயின் குண்டு.

ஆக, இரண்டு துப்பாக்கிகள். ட்ரேயைத் தூக்கிக்கொண்டு அர்பாபிடம் ஓடினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார், அப்படியே முகம் மலர்ந்துவிட்டது. உருதுவும் அரபியும் கலந்து, கையையே துப்பாக்கியாக நீட்டிச் சொன்னார். அவருடைய தாத்தா பெருநாள் அன்றைக்கு விருந்தாளிகளைக் கூட்டிவைத்துக் கேட் பக்கத்து மேட்டில் டப்பா வைத்துச் சுடுவாராம், பெரிய துப்பாக்கி. அப்பா காலத்தில் சின்னக் குண்டுத் துப்பாக்கி வந்தது. அவர் தாத்தாவோடு போட்டி போட மனமில்லாமல் கிணற்றுப் பக்கத்து மேட்டில் தனியாகச் சுட்டாராம். "தாதா உதர். பாபா இதர்" என்று, தாத்தா அந்தப் பக்கம் அப்பா இந்தப் பக்கமாக விரலாலேயே சுட்டுக் காட்டினார். இரண்டு பேரில் யார் நன்றாகச் சுடுவார்கள் என்று கேட்டேன். "தோனோ காலி பாத்! டப்பா அச்சா ஹை, குச் நஹி ஹுவா" என்றார். இரண்டு பேரும் வாய்ச்சவடால்தான், டப்பாவுக்கு ஒன்றும் ஆனதில்லை.

எனக்கு உட்கார முடியவில்லை. கேட் மேட்டு மண்ணில் பெரிய குண்டு. கிணற்று மேட்டு மண்ணில் சின்னக் குண்டு. மதியத்துக்கு மேல் நிரப்பியது கிணற்று மேட்டு மண். எந்தக் குழியில் சின்னக் குண்டு இருக்கிறதோ அதுதான் மதியக் குழி, அங்கேதான் மோதிரம் இருக்கும். சுல்தான் கலந்து வைத்தது பெரிய குற்றம், ஆனால் பிரித்து வைத்திருக்காவிட்டால் இது ஜென்மத்துக்கும் புரிந்திருக்காது. இதை அவரிடம் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

பன்னிரண்டையும் மறுபடி பார்க்க வேண்டியதில்லை. முனகிய ஐந்து குழிகளில், காலையில் தொடாத ஓரத்தில் ஆளுக்கொரு குண்டு மிச்சம் இருந்தால் போதும். அர்பாப் வீட்டிலிருந்து வந்த மச்பூஸ் கறிச்சோற்றைப் பேருக்கு நாலு வாய் தின்றுவிட்டு ஓடினோம். இரண்டாம் குழி, பெரிய குண்டு. நாலாம் குழி, பெரியது. பதினொன்று, பெரியது. ஐந்தாம் குழியில் ஓரம் முழுக்கத் தேடியும் ஒன்றுமே வரவில்லை, அண்ணன் முகம் தொங்கியது. நான் விடவில்லை. மிஷினைக் குறுக்காகப் பிடிக்கச் சொல்லி இன்னொரு சுற்று வந்தபோது சப்பி நசுங்கின ஒரு பெரிய குண்டு வந்தது. நசுங்கிய குண்டை அளந்து பிரயோஜனமில்லை, தராசில் வைத்தேன். முப்பது கிராம். தாத்தா சாமான்தான்.

மிச்சம் ஒன்பது. சுல்தான் மிஷினை நீட்டினார், கூவியது. அண்ணன் ஈர மண்ணிலிருந்து விரலால் ஒன்றை நெம்பி என் உள்ளங்கையில் வைத்தார். ஒல்லியாக, சட்டை போட்டு, பச்சை பூத்த குண்டு.

"கொழந்தக் குண்டு!" என்று அண்ணன் கத்திய கத்தலில் ஆடுகள் கலைந்து ஓடின.

அர்பாப் எழுந்து கோலை ஊன்றி வந்து, கன்றை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "யல்லா", ஆகட்டும் என்றார். மணி நாலைத் தாண்டி ஐந்து நிமிடம். அண்ணன் கன்றின் அடிவேரை, அதைச் சுற்றிக் கட்டியிருந்த சாக்கோடு சேர்த்துப் பிடித்துச் சாய்த்துக்கொள்ள, சுல்தான் ஒரு பக்கமாகத் தோண்டினார். முழங்கை ஆழத்தில் முதலில் வந்தது இன்னொரு சின்னக் குண்டு. அவ்வளவு நேரம் முனகியது இதுதானா என்று எல்லோருக்கும் ஒரே நினைப்பு. நான் மிஷினை வாங்கிக் குழிக்குள் இறக்கினேன். இன்னும் முனகியது.

"நீங்களே கைய விடுங்க அண்ணே" என்றேன்.

குழியின் அடியில் பழைய தண்ணீர் கசிந்து, எருவுக்குப் போட்ட ஆட்டுப் புழுக்கையும் மண்ணுமாகக் கூழாகக் கிடந்தது. அண்ணன் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். எதையோ பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தார். கை வெளியே வந்தபோது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கறுப்பாக ஒரு வளையம். அவர் அழுதார். சுல்தானும் அழுதார், கேட்டால் தூசி என்பார். நான் வெட்கப்படாமல் அழுதேன். அர்பாப் மட்டும் அழாமல், கன்றை நேராகப் பிடித்து மண் தள்ளச் சொல்லி அவசரப்படுத்தினார். ஐந்து மணிக்குத் தண்ணீர் திறந்தபோது பன்னிரண்டு கன்றும் நின்றன. ஒன்பதாவது இப்போது குருத்து விட்டிருக்கிறதாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சொந்த இடமோ, உரிமையாளர் சம்மதித்த இடமோ இல்லாமல் டிடெக்டரை எடுக்காதீர்கள். பழம்பொருள் சட்டம் கண்டிப்பானது, நான் வக்கீலும் இல்லை, போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்த குண்டுகள் ஒன்றைக்கூட நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. அர்பாப் போலீஸுக்குச் சொன்னார், ஒரு போலீஸ்காரர் வந்து பார்த்து, காவா குடித்து, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார். ஞாபகத்துக்கு ஒன்று என்று பெட்டியில் போட்டுக்கொண்டு விமான நிலையம் போனால் லீவே போய்விடும். ஈயம் தொட்ட கையை நன்றாகக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். காலிப்பர், சின்னத் தராசு, காந்தம் மூன்றும் இருந்தால் குண்டின் ஜாதகத்தில் பாதி தெரிந்துவிடும். எடுத்த இடத்தை எழுதுங்கள், எழுதியதைக் கணவரிடமிருந்து காப்பாற்றுங்கள். போக வர பெட்ரோல் நூறு திர்ஹாமுக்குள் அடங்கியது. வெயில் ஏறினால் இந்த வேலை ஆகாது, மார்ச்சுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கடைசி விஷயம், முக்கியமான விஷயம். கண்டெடுத்த எதையும் துலக்காதீர்கள். குண்டுக்குச் சொன்னேன், மோதிரத்துக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அன்றிரவு அர்பாபின் மஜ்லிஸில் நான் தூங்கப் போனதும் சுல்தான் பற்பசையும் பழைய பிரஷும் எடுத்து அந்த மோதிரத்தைத் தேய்த்துத் தேய்த்து நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருப்பது போல ஆக்கிவைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஷார்ஜா விமான நிலையம். செல்வி பச்சைப் புடவையில், ஊறுகாய் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அண்ணன் ஜாடியை வாங்கக் கையை நீட்டினார். செல்வி ஜாடியைக் கொடுக்காமல் அந்த விரலையே பார்த்தார்.

"புதுசு வாங்கிட்டியளா? பழசு என்னாச்சு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. யாரும் சொல்லச் சொல்லாமலே குழி, குண்டு, தாத்தா, அப்பா, ஆட்டுப் புழுக்கை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். செல்வி மோதிரத்தைக் கழற்றி உள்பக்கம் திருப்பினார். கல்யாணத்துக்கு வெட்டிய 'செ' எழுத்து. சுல்தானின் பிரஷ் அங்கே நுழையவில்லை. கொம்பின் சுழிக்குள் ஒன்பதாம் குழி மண் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் அதைத் தொட்டுப் பார்த்தார், சுரண்டவில்லை.

"தண்ணிக்குள்ள கைய விட்டா எடுத்திய?"

"ஆமா. அடில சேறும் தண்ணியுமாத்தான் கெடந்துச்சு."

செல்வி ஜாடியை என் கையில் கொடுத்துவிட்டு, மோதிரத்தை அண்ணன் விரலில் மாட்டிவிட்டார். "அப்ப இன்னும் ரெண்டு தடவ எடுக்கணும்" என்றார். "எனக்கு மூணு, ஒங்களுக்கு இப்பத்தான் ஒண்ணு."